குட்டன்பெர்க் ஊரில் நாலு பக்கம்

மைன்ஸ், ஜெர்மனி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

"ஏப்பா மாப்ளே, நாலு பக்கம் பிரிண்ட் எடுக்க நாலு நாளா?" என்று போனில் கேட்டீர்கள். பதிலைப் போனிலேயே சொன்னால், சிரித்துவிட்டுக் கடையில் நிற்கிறவர்களுக்கும் சொல்லிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

குண்டடத்தில் இருந்தவரைக்கும் பிரிண்ட் எடுப்பது ஒரு வேலை என்றே எனக்குத் தெரியாது. பல்லடம் பஸ்ஸுக்கு நிற்கும்போது உங்கள் கடை வாட்சாப்புக்குத் தட்டிவிட்டால், டீ குடித்து முடிப்பதற்குள் காகிதம் சூடாகக் கையில் இருக்கும். பட்டா, சிட்டா, ஆதார், சாதிச் சான்றிதழ் எல்லாம் அப்படி எடுத்ததுதான். "சில்லறை இல்லீன்னா அப்புறம் குடு கண்ணு" என்பீர்கள். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை என்பது நம் இருவருக்கும் தெரியும்.

இந்த மைன்ஸ் சாதாரண ஊர் இல்லை மாமா. அச்சுக்கலையின் தாய்வீடு. குட்டன்பெர்க் பிறந்ததே இங்கேதான். சதுக்கம் அவர் பேரில், பல்கலைக்கழகம் அவர் பேரில், 1837இல் வைத்த வெண்கலச் சிலை வேறு. அப்பேர்ப்பட்ட ஊரில், நம் காட்டு விஷயமாக நீங்கள் அனுப்பிய பவர் பத்திரத்தை அச்சடிக்கத்தான் உங்கள் மாப்பிள்ளை தெருத்தெருவாக அலைந்தான்.

சொந்தமாக ஒரு மிஷின் வாங்கச் சொல்லி அத்தை சொன்னார்களாம். என்னோடு தங்கியிருக்கிற பையன் வாங்கி வைத்திருக்கிறான். வருஷத்துக்கு மூன்று தடவைதான் அதற்கு வேலை. அதற்குள் மை காய்ந்துவிடும். கறுப்பும் கலரும் புதிதாக வாங்குகிற காசுக்கு நம் சந்தையில் ஒரு வெள்ளாட்டுக் குட்டி பிடித்துவிடலாம். குட்டியாவது பெருகும். ஆபீஸ் மிஷின் என்றால் யார் எத்தனை பக்கம் எடுத்தார்கள் என்று அதுவே கணக்கு வைக்கிறது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

முதல் நாள், சனிக்கிழமை. சோப்பும் ஷாம்பும் விற்கிற கடை ஒன்றில் போட்டோ எடுத்துத் தரும் பெட்டி இருக்கிறது, காகிதமும் தள்ளும் என்றார்கள். போனேன். பத்திரம் எழுதுகிறவர் அடித்துக் கொடுத்தது வேர்ட் பைல். பெட்டிக்கு அது பிடிக்கவில்லை. அங்கிருந்து ஒரு நூலகத்துக்கு ஓடி, கம்ப்யூட்டரில் திறந்தால், முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்! அவர் இன்னும் அந்தப் பழைய எழுத்துருவில்தான் அடிக்கிறார். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் நம் பூர்வீகச் சொத்து இப்படித்தான் தெரியும். மிளகு மூட்டையைப் பயறு என்று பொய் சொன்ன வியாபாரிக்கு நம் ஊர் வடுகநாதர் சாமி நிஜமாகவே பயறாக்கிக் காட்டினார் என்பார்களே, அந்த வியாபாரி மூட்டையைப் பிரித்தபோது முழித்த முழி எனக்கு அன்றுதான் புரிந்தது. ஆனால் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை மாமா. இத்தனைக்கும், இந்த நாட்டு ஹாலே நகரத்தில்தான் தமிழ் எழுத்துகளை வார்த்துத் தரங்கம்பாடிக்கு அனுப்பினார்கள். சீகன்பால்கு பாதிரியார் அங்கே 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டையே அச்சிட்டு முடித்துவிட்டார். எனக்கு நாலு பக்கம் வரவில்லை.

இரண்டாம் நாள் ஞாயிறு. இங்கே ஞாயிறு என்றால் கடையடைப்பு. நம் ஊர் பந்த் மாதிரியேதான், ஆனால் வாராவாரம், கல்லெறி இல்லாமல். வேறு வேலை இல்லாமல் குட்டன்பெர்க் சிலைக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். அவர் கதை தெரியுமா? பக்கத்துக்கு 42 வரியாக பைபிளை ஏறத்தாழ 180 பிரதி அடித்தார். அந்தச் சமயம் பார்த்து, 1455இல், பணம் போட்டிருந்த ஃபுஸ்ட் என்பவர் வட்டியும் முதலும் கேட்டு வழக்குப் போட, கட்ட முடியாமல் பட்டறைச் சாமான்கள் அவர் கைக்குப் போய்விட்டன. ஆக, பிரிண்டரைக் கொண்டுவந்தவருக்கே பிரிண்டர் இல்லை! திருப்பூரில் நிட்டிங் மிஷினைப் பைனான்ஸ்காரருக்கு விட்டுவிட்டு ஊர் திரும்பிய எங்கள் பெரியப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

மூன்றாம் நாள், நீங்கள் பிடிஎஃப் ஆக்கி அனுப்பினீர்கள். மறுபடி அதே பெட்டி. தமிழ் அழகாக வந்தது. ஆனால் சாட்சிகள் கையெழுத்துப் போடுகிற இடத்தை மட்டும் காணவில்லை! பத்திரம் லீகல் சைஸ், 14 அங்குல நீளம். இங்கே எல்லாம் ஏ4. அந்த ஏ4 அளவையே 1922இல் தரமாக்கியவர்கள் இந்த ஜெர்மன்காரர்கள்தான். அதற்கு மேல் ஒரு விரற்கடை நீண்டாலும் அது காகிதமே இல்லை.

நாலாம் நாள், மாணவர்கள் நடமாடுகிற தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடை அகப்பட்டது. (இங்கே ஜெராக்ஸ் என்று கேட்டால் முழிக்கிறார்கள், காப்பி என்று கேட்க வேண்டும். முதலில் நான் டீக்கடையில் கேட்கிற மாதிரிக் கேட்டுவிட்டேன்.) கடைப் பையன் போட்டிருந்த பனியன் டேபிள் பிரிண்டிங் போலத் தெரிந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் அடித்தது என்று பெருமையோடு கழுத்து லேபிளைக் காட்டச் சொன்னேன். பங்களாதேஷ் என்று இருந்தது. பேச்சை மாற்றிவிட்டேன். அவன் பத்திரத்தைச் சுருக்கி, ஏ4-க்குள் அடக்கி, சாட்சிகளை மீட்டுக் கொடுத்தான். எழுத்து எறும்பு சைஸ்தான், ஆனால் முழுசாக இருக்கிறது. பக்கத்துக்கு 20 சென்ட், நம் காசுக்கு இருபது ரூபாய் கிட்ட. சில்லறை இல்லை என்றேன். கார்டு மிஷினை நீட்டினான்.

பிராங்க்பர்ட் இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு, முத்திரை வாங்கி, கூரியரில் அனுப்பிவிட்டேன். கையில் கிடைத்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். வழக்கம்போல மேஜை டிராயரில் போட்டு மறந்துவிடாதீர்கள்.

இந்தக் கடிதத்தைக் கடையில் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து அம்முச்சிக்குப் படித்துக் காட்டுங்கள். ஏ4தான், சாட்சி வேண்டாம். காசை அப்பா கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை