சாக்ஸுக்குத் தனிப் பக்கம்

பொறியியல் கலந்தாய்வு விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வரும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவரா? கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான். மவுஸைப் பிடித்து 'ஆம்' என்ற இடத்தில் நெஞ்சு நிமிர்த்தி அழுத்தினேன். பொய்யில்லை. பவானிப் பக்கம் ஓடு வேய்ந்த ஓர் அரசுப் பள்ளியில் பாதி வருஷம் தரையிலும் மீதி வருஷம் ஆடுகிற பெஞ்சிலுமாக உட்கார்ந்து படித்தவன்தான் நான்.

பின்னால் நின்ற மகன் குனிந்து பார்த்தான். "ஏப்பா, காலேஜுக்குப் போறது நீங்களா, நானா?"

'இல்லை' என்று மாற்றினேன். அந்த ஒரு 'இல்லை' எனக்கு 9,84,650 ரூபாய்க்கு விழுந்திருக்கிறது.

ஐம்பது ரூபாய்வரை சரியாகச் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். கை சும்மா இராது. பையன் எல்கேஜி சேர்ந்த 2011இல் நீல அட்டை நோட்டு ஒன்று போட்டேன். கட்டணத்துக்கு ஒரு பத்தி, வேனுக்கு ஒன்று, 'இதர' என்று ஒன்று. பையன் நாலாம் வகுப்பு போவதற்குள் 'இதர' மற்ற இரண்டையும் முந்திக்கொண்டு ஓடியது. அதிலும் சாக்ஸுக்குத் தனிப் பக்கமே போட வேண்டியதாயிற்று. கறுப்பு ஷூ நாளுக்குச் சாம்பல் சாக்ஸ், புதன்கிழமை வெள்ளை ஷூவுக்கு வெள்ளை சாக்ஸ், விளையாட்டு விழாவுக்கு அவனவன் 'ஹவுஸ்' நிறத்தில் ஒரு சாக்ஸ். மேல் விளிம்பில் பள்ளியின் முத்திரையைப் பின்னியிருப்பார்கள். அது ஷூவுக்கு மேலே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அபராதம். அபராதமும் 'இதர'தான். எலாஸ்டிக் தொய்ந்த சாக்ஸில் ரப்பர் பேண்டு மாட்டி அனுப்பியவள் என் வீட்டுக்காரி. சாயங்காலம் கணுக்காலில் சிவப்பாக ஒரு வளையத்தோடு வருவான் பையன்.

சேர்த்த கதையைச் சொல்ல வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டிப் பார்த்துச் சேர்க்கக் கூடாது என்கிறது. 2010 ஏப்ரலிலிருந்து அமலில் இருக்கிறது. நான் போனது 2011. ஆகவே எங்களுக்கு 'இன்டர்வியூ' வைக்கவில்லை, 'இன்டராக்‌ஷன்' வைத்தார்கள். முந்தைய இரவு நானும் மனைவியும் கண்ணாடி முன் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தோம். பிரின்சிபால் அம்மா சிரித்த முகமாக, பையனுக்குப் பிடித்த நிறம் எது என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் "எஸ் மேடம்" என்றேன். மனைவி என் காலை மிதித்தாள். "நோ மேடம்" என்று திருத்திக்கொண்டேன். இடம் கிடைத்துவிட்டது. என் ஆங்கிலத்துக்குக் கிடைத்ததென்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று சட்டைப்பையில் காசோலைப் புத்தகம் துருத்திக்கொண்டிருந்ததை மனைவிதான் பிற்பாடு ஞாபகப்படுத்தினாள்.

தனியார் பள்ளி இஷ்டத்துக்கு வசூலிக்கக் கூடாதென்று 2009இல் தமிழ்நாட்டில் சட்டம் போட்டார்கள். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு உட்கார்ந்து பள்ளிக்குப் பள்ளி கட்டணம் குறிக்கும். எங்கள் பள்ளியிலும் அந்த ஆணையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். தொகையைப் பார்த்தபோது எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அவ்வளவு நியாயமான தொகை. அதற்கு இரண்டடி தள்ளி ஒரு கவுன்டர். அங்கே பலகை எதுவும் இல்லை. ஸ்மார்ட் கிளாஸ், ஆக்டிவிட்டி, டை, பெல்ட், டைரி, ஆண்டு விழா, ஆண்டு விழாவில் பையன் மரமாக நிற்பதற்கான உடை. நீதிபதிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கவுன்டரில் பணம் கட்டுவேன். வெயில் 40 டிகிரியைத் தொடும் ஏப்ரல் மாத ஈரோட்டில் ஆறு வயசுப் பிள்ளைக்குக் கழுத்தில் டை எதற்கு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. பையன் டை கட்டிக்கொண்டு வேனில் ஏறுவதைத் தெரு பார்க்கட்டும் என்று வாசலில் நின்று டாட்டா காட்டியிருக்கிறேன்.

ஆறாம் வகுப்பில்தான் முதல் இடி. என் சகலை பவானி ரோட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அவர் மகளும் என் பையனும் ஒரே வயது. பட்டறைக்கு எதிரே அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. 2018இல் மகளை அங்கே ஆறாம் வகுப்பில் சேர்த்துவிட்டார். நான் பதறிப்போய், "ஏனுங்க சகல, யோசிச்சுத்தான் செஞ்சீங்களா?" என்றேன். கையில் கிரீஸோடு நிமிர்ந்து, "பக்கத்துல இருந்துச்சுங்கண்ணா, அதான்" என்றார். ஏழு வருஷம் அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன். பிறந்த நாளுக்கு அந்தப் பிள்ளைக்கு ஆங்கில அகராதி வாங்கிக் கொடுத்தேன், பாவம் என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டும் எங்கள் வீட்டுக் கூடத்தில் படித்துக்கொண்டிருந்தன. எட்டிப் பார்த்தால், இரண்டு பேர் மடியிலும் ஒரே புத்தகம். சமச்சீர்க் கல்வி வந்து, உச்ச நீதிமன்றம்வரை போய், 2011 ஆகஸ்டில் வழக்கும் தீர்ந்து, மெட்ரிக் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் ஒரே பாடம்தான் என்று ஆகி வருஷக்கணக்காயிருந்தது. செய்தித்தாளில் படித்தும் இருக்கிறேன். ஆனால் அது என் பையனையும் சேர்த்துத்தான் என்று தோன்றியதே இல்லை. அவளுக்குப் பாடநூல் கழகத்தின் புத்தகத்தைப் பள்ளியில் இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். என் பையனுக்குப் பள்ளி முத்திரை போட்ட பழுப்பு அட்டையும் சேர்த்து விலைக்கு. ஒரே விரலி மஞ்சளை இரண்டு சாக்கில் கட்டி இரண்டு விலை சொன்னால் எங்கள் மண்டியில் தோலை உரித்துவிடுவார்கள். பதினைந்து ரூபாய் அட்டையை எடுத்துவிட்டுச் சாக்கைப் பிரித்துப் பார்க்க எனக்குத்தான் ஏழு வருஷம் ஆகியிருக்கிறது.

கொரோனா வருஷத்தைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். அவள் கல்வித் தொலைக்காட்சி பார்த்தாள். இவன் என் வீட்டில், என் மின்சாரத்தில், என் செல்போனில் பாடம் கேட்டான். அதற்குக் கட்டணம் கட்டினேன். நோட்டில் அந்த வருஷமும் 'ஸ்மார்ட் கிளாஸ்' என்றுதான் எழுதியிருக்கிறது.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் நாமக்கல். கொங்குச் சீமையில் முட்டைக்கும் மார்க்குக்கும் ஒரே ஊர்தான். அங்கே ஒரு விடுதிப் பள்ளிக்குப் போனோம். வழியெல்லாம் நீளநீளமான கோழிப் பண்ணைக் கொட்டகைகள். பள்ளி வளாகத்துக்குள் நுழைந்த பிறகும் கொஞ்ச நேரம் வித்தியாசம் தெரியவில்லை. விளக்கு மட்டும் இங்கே இன்னும் கொஞ்சம் பிரகாசம். காலை நாலே முக்காலுக்கு மணி, இரவு பத்தரைக்கு விளக்கணைப்பு, மாதம் ஒரு ஞாயிறு பெற்றோர் தரிசனம். நிர்வாகி வயதானவர், பழைய நாள் நினைப்பில் பெருமூச்சு விட்டார். "முன்னெல்லாம் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடவே மாட்டோமுங்க. ரெண்டு வருஷமும் பிளஸ் டூதான். பிள்ளைங்க தூக்கத்துல கேட்டாலும் சொல்லும். 2018ல பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வுன்னு கொண்டாந்து கெடுத்துப்போட்டாங்க." ஒரு வருஷப் படிப்பையே காணாமல் போக்கிய கதையை நான் பக்தியோடு தலையாட்டிக் கேட்டேன். வருஷத்துக்கு 1,90,000. 'நீட்' பயிற்சியும் அதிலேயே அடக்கம் என்றார். பையனுக்கு ஊசியைப் பார்த்தாலே தலைசுற்றும் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. அடக்கத்தில் வருவதை எதற்கு விடுவது? மனைவியின் ஆரம் அந்த வாரமே அடகுக்குப் போனது. அது இன்னும் பயிற்சியில்தான் இருக்கிறது.

கதையின் வில்லன் இதற்கு முன்பே வந்துவிட்டிருந்தது; நான்தான் கவனிக்கவில்லை. நீட் வந்தபின் அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போகிறவர்கள் விரல்விட்டு எண்ணும்படி ஆனதால், 2020இல் அவர்களுக்கென 7.5 சதவீத இடம் ஒதுக்கிச் சட்டம் வந்தது. அடுத்த வருஷமே பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று மற்றத் தொழிற்படிப்புகளுக்கும் அது நீண்டது. படிப்புக் கட்டணமும் விடுதிச் செலவும் அரசு பொறுப்பு. ஒரே நிபந்தனை, ஆறிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளி. என் பையன் அப்போது ஒன்பதாவது. அன்றிரவு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு என்னென்னவோ கணக்குப் போட்டேன். மண்டியில் விட்டுப்போன பற்றுவரவைப் பின்தேதி போட்டுச் சரிக்கட்டலாம். படித்துவிட்ட ஆறாம் வகுப்புக்குப் பின்தேதி போட வழி தெரியவில்லை. 2022இல் புதுமைப் பெண் திட்டம் வந்தது: அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய். அதற்கும் அதே ஆறு முதல் பன்னிரண்டு. 2024இல் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். சரி, இதுவாவது என்று படித்தால், அதிலும் அரசுப் பள்ளிதான். உதவிபெறும் பள்ளியென்றால் தமிழ்வழி. என்னைத் தேடித்தேடி நிபந்தனை எழுதுகிறார்கள் என்ற முடிவுக்கு வந்தேன்.

2025 மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்தது. பொறியியலுக்குக் கட்-ஆஃப் 200க்கு: கணக்கு 100, இயற்பியலும் வேதியியலும் தலா 50. பையன் 180. நான் இட ஒதுக்கீட்டைப் பற்றி ஒரு சொற்பொழிவைத் தயாராக வைத்திருந்தேன். 'தகுதி' என்ற சொல் அதில் ஆறு இடத்தில் வரும். சகலைக்குப் போன் போட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பாப்பாவுக்கு எவ்வளவு என்று கேட்டேன். "184.5ன்னு சொல்றாங்கண்ணா. நல்லதுங்களா அது?"

சொற்பொழிவு அப்படியே நின்றுபோனது. இன்னும் உள்ளேதான் இருக்கிறது. சில இரவுகளில் நெஞ்சைக் கரிக்கிறது.

அந்தப் பிள்ளை சும்மா வாங்கவில்லை. பிளஸ் டூவில் வேதியியல் ஆசிரியை மாறுதலில் போய், நாலு மாதம் அந்த நாற்காலி காலி. கழிப்பறைக்குத் தண்ணீர் வராத வாரங்கள் உண்டு. இயற்பியல் ஆசிரியைதான் சாயங்காலம் பிள்ளைகளை உட்காரவைத்து, தெரிந்தவரைக்கும் வேதியியலும் சேர்த்து நடத்தியிருக்கிறார். வீட்டில் லேத் சத்தம். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படித்தாளாம். என் பையனுக்கு நான், விடுதிக்குப் போகும்வரை, ஏசி போட்ட அறையில் ஆங்கிலப் பஞ்சாங்கம் மாதிரி அட்டவணை ஒட்டிக் கொடுத்திருந்தேன். கடைசியில் அவளுக்கு 7.5இல் கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரி கிடைத்தது. 1945இல் தொடங்கிய கல்லூரி. சந்திரயான் மயில்சாமி அண்ணாதுரை படித்த இடம். அவரும் கோதவாடிக் கிராமத்திலிருந்து அரசுப் பள்ளி வழியாக வந்தவர்தான். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் சகலை. அவருக்குச் சொன்னது மகள். என் பையனுக்கு நெடுஞ்சாலையோரம் ஒரு சுயநிதிக் கல்லூரி. நுழைவாயில் மட்டும் ஏதோ அரண்மனை மாதிரி இருக்கும். கட்டணம் கட்டும் இடத்துக்கு இரண்டடி தள்ளி, பலகை இல்லாத ஒரு கவுன்டர் இருந்தது. பழைய சிநேகிதனைப் பார்த்தாற்போல் இருந்தது எனக்கு.

அகராதியைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள் அந்தப் பிள்ளை. "தம்பிக்கு வேணும்னா வச்சுக்கட்டும் பெரியப்பா, எங்க ஹாஸ்டல் லைப்ரரில பெரிசே இருக்குது." தம்பி என்றது என் மகனை. அவனைவிட இவள் பதினொரு நாள் மூத்தவள்.

இந்தச் சமயத்தில் என் சின்னது ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். வீட்டில் மூன்று நாள் மந்திராலோசனை. "இங்கிலீஷ் மீடியம் இருக்குதுங்களா?" என்றாள் மனைவி. 2012-13லிருந்தே பல அரசுப் பள்ளிகளில் இருக்கிறது என்று, ஏதோ நானே தொடங்கிவைத்த மாதிரி சொன்னேன். பழைய பள்ளியில் டிசி கேட்டபோது காரணம் சொல்ல நா எழவில்லை. கோயம்புத்தூருக்கு மாற்றல் என்றேன். மஞ்சள் மண்டிக் கணக்குப்பிள்ளைக்கு மாற்றல் உத்தரவு போட்டது அநேகமாக உலகத்திலேயே அதுதான் முதல் முறை.

அரசுப் பள்ளிக்குப் போகும்போது பழக்கதோஷத்தில் தயாராகத்தான் போனேன். மண்டி முதலாளியின் சிபாரிசுக் கடிதம், உள்பையில் பத்தாயிரம், பிடித்த நிறம் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம். தலைமையாசிரியை டிசியை வாங்கினார், ஆதார் எண்ணைப் பதிந்தார், பாப்பாவிடம் பேரைக் கேட்டார், அவ்வளவுதான். நான் நகரவில்லை.

"எவ்வளவுங்க கட்டணும்?"

"எதுக்குங்க?"

அதற்குப் பதில் தெரியாமல் நின்றேன். உள்பையிலிருந்து கையை எடுக்கவும் கூச்சமாக இருந்தது. "டை எங்கீங்க வாங்கணும்?" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பாப்பாவிடம் புத்தகக் கட்டைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து நீல நோட்டைப் பிரித்து, புதுப் பக்கத்தில் தேதி போட்டு 'ஆறாம் வகுப்பு' என்று எழுதினேன். கட்டணப் பத்தி காலி. வேன் காலி. பேனா அந்தரத்தில் நின்றது. கை கேட்கவில்லை; 'இதர'வில், 'வரும் வழியில் டீ, 15' என்று எழுதி மூடினேன்.

சாயங்காலம் எதிர்வீட்டுக்காரர் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். அவர் அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியர். இரண்டு பையன்களையும் சிபிஎஸ்இயில் போட்டிருக்கிறார். குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க, பாப்பாவை கவர்மெண்டு ஸ்கூல்ல சேர்த்துட்டீங்களாமா? மண்டியில ஏதாச்சும் கஷ்டமுங்களா?" என்றார். முகத்தில் நிஜமான கவலை.

"அதெல்லாம் இல்லீங்க. பக்கத்துல இருந்துச்சு, அதான்" என்றேன்.

"பக்கமா? ரெண்டு பஸ் மாறோணுங்க!" என்று உள்ளேயிருந்து கத்தினாள் மனைவி.