படுவானும் எழுவானும்: சீபாப் மெசினின் இலக்கங்களுக்கும் காலைத் தெம்புக்கும் உள்ள உறவு பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வுக் களம்

இவ்வாய்வின் களம் கல்லடியிலுள்ள ஒரு கட்டில். அதன் நான்கெல்லை: வடக்கே சுவர், கிழக்கே யன்னல், மேற்கே மெசின் வைத்த மேசை, தெற்கே மனைவி. ஆய்வுக்கு உட்பட்டோர் தொகை ஒன்று, அது நான். ஒப்பீட்டுக்காக முதலில் வீட்டுப் பூனையும் சேர்க்கப்பட்டிருந்தது. அது மெசின் எதுவும் இல்லாமல் பகலும் இரவும் உறங்கி, எழும்பும்போதெல்லாம் முதுகை வில்லாக வளைத்துப் புதுப்பிறவி எடுத்ததுபோல் நடந்து போனது. முடிவுக்கு ஒத்துவராத தரவை நீக்கிவிடுவது ஆய்வு மரபாதலால் பூனை நீக்கப்பட்டது.

கட்டில் என்னுடையது, கட்டில் நிற்கும் வீடு மனைவியுடையது. கலியாணம் முடித்த ஆண் பெண் வீட்டோடு போய் இருப்பது மட்டக்களப்பு வழமை. ஆகவே என் குறட்டை யாருடைய நிலத்தில் விளைந்தது, அதன் மீது உரிமை யாருக்கு என்ற கேள்வி இவ்வூரின் பழைய முக்குவர் வழமைச் சட்டம் வரை நீளக்கூடியது. பதவியுயர்வுக்குப் புள்ளி குறைந்திருக்கும் யாராவது அதைத் தனிக் கட்டுரையாக எழுதிக்கொள்ளலாம்.

2. சொல்லாராய்ச்சி

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. ஞாயிறு எழும் பக்கம், ஞாயிறு படும் பக்கம் என்பது பாமரர் பொருள். பாமரர் சொன்னதையே சொல்வதற்கு ஆய்வாளன் தேவையில்லை. படுவான் என்றால் படுத்துக்கொள்பவன், எழுவான் என்றால் எழும்பிக்கொள்பவன் என்பதும், வாவி முழுவதும் இவ்விருவருக்கும் இடையிலுள்ள நித்திரையே என்பதும் என் துணிபு. சான்று: நான் பிறந்தது மண்டூர்ப் பக்கம், படுவான்கரை. வந்து சேர்ந்தது கல்லடி, எழுவான்கரை. “படுவான்கரையான் படுத்தான், இன்னும் எழும்பல்ல” (மனைவி, வாய்மொழி, அடுப்படி).

மாத்திரை என்பது கண் இமைக்கும் பொழுது, கை நொடிக்கும் பொழுது என்பர் இலக்கணிகள். நித்திரையை மாத்திரையால் அளக்கலாம். இன்னொரு வகை மாத்திரையால் வரவழைக்கவும் செய்யலாம். இத்தொடர்பை இதுவரை எவரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இரண்டு நாள் கருத்தரங்கும் ஒரு மலரும் வந்திருக்கும்.

குறட்டை விடுபவனுக்கு அது அகத்திணை, மற்றெல்லோருக்கும் புறத்திணை.

3. மெசின்: தோற்றமும் தொழிலும்

உறங்கும்போது தொண்டைத் தசை தளரும். சிலருக்கு நாக்கின் அடியும் உள்நாக்கும் பின்னால் சரிந்து மூச்சுக்குழலின் வாயை அடைத்துவிடும். மூச்சு நிற்கும், இரத்தத்தில் ஒட்சிசன் இறங்கும், மூளை பதறி ஆளை அரைகுறையாக எழுப்பும், மூச்சு ஒரு குமுறலோடு திரும்பி வரும். படுத்தவருக்கு இது எதுவும் தெரியாது. காலையில் நெல் மூட்டை சுமந்தவர் போல எழும்புவார். 1981 இல் சிட்னியைச் சேர்ந்த வைத்தியர் கொலின் சலிவன் இதற்கு ஒரு வழியை எழுதி வெளியிட்டார்: மூக்கு வழியாக விடாமல் காற்றைச் செலுத்தி, அடைந்துபோகும் தொண்டைக்குக் காற்றாலேயே முட்டுக் கொடுப்பது. அதுவே சீபாப். தூசு உறிஞ்சும் மெசினின் மோட்டரை மாறிப் பூட்டி ஊத வைத்தே அவரது ஆரம்பகால மெசின்கள் ஓடின. அந்த மோட்டர் உலகத்துத் தரைகளை விட்டுவிட்டு மனிதனின் தொண்டையைக் கூட்டத் தொடங்கியது அப்படித்தான்.

மாஸ்க் அணிந்த ஆய்வாளனின் தோற்றம் பற்றி: மண்டூர் முருகன் கோயிலில் கப்புகனார் வாய் கட்டிப் பூசை செய்வதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் புதுமை இல்லை. அங்கே வாய் கட்டுவது பக்திக்கு; இங்கே பக்கத்தில் படுத்திருப்பவருக்கு.

4. இலக்கங்களின் வகை

காலையில் மெசின் நான்கு இலக்கங்களைக் காட்டும்.

அழுத்தம்: பத்து என்று காட்டினால் பத்து சென்டிமீற்றர் தண்ணீரின் அழுத்தம். களப்பில் கணுக்கால் நனைய நின்றால் அவ்வளவுதான். அந்த ஆழத்துக்குக் குழாயை விட்டு ஊதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மூச்சை வெளியே விடுவதே ஒரு தொழில்.

தடைச் சுட்டெண்: பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்பதும் குறைவதும் மணித்தியாலத்துக்கு எத்தனை தரம் என்பது. ஐந்துக்குக் கீழே நலம். பதினைந்து வரை இலேசு. முப்பது வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமை. மெசின் வருமுன் எனக்கு நாற்பத்தொன்று. இங்கே ஒரு நுட்பம் உண்டு. மெசினுக்கு நான் உறங்குகிறேனா முழித்திருக்கிறேனா என்பது தெரியாது. அது ஓடிய நேரத்தாலேயே வகுக்கிறது. எனவே மாஸ்க்கை மாட்டிக்கொண்டு விடிய விடிய முகட்டைப் பார்த்துக் கிடந்தால் மூச்சுத் தடையும் இல்லை, இலக்கமும் தங்கம். இந்த நான்கு வருடத்தில் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த சுட்டெண் 0.3. அது மகளின் உயர்தரப் பெறுபேறு வரவிருந்த இரவு. கண் ஒரு கணமும் மூடவில்லை.

பாவித்த நேரம்: 2007 இல் டெறி வீவர் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு இதைத்தான் தேடியது. பகல் தூக்கக் கேள்விகளில் தேற நான்கு மணித்தியாலம். ஆய்வுகூடத்தில் படுக்கவைத்து எவ்வளவு கெதியில் உறங்குகிறார் என்று பார்க்கும் சோதனையில் தேற ஆறு. அன்றாட வேலை ஒழுங்காக ஓட ஏழரை. அதற்கு மேலே மாட்டியும் தேறாதவர்களும் இருந்தார்கள். நான் அவர்களில் ஒருவனோ என்பதே இவ்வாய்வின் தோற்றுவாய்.

கசிவு: கீழே, தனி இயலில்.

அழுத்தத்தை விட்டுவிட்டு, மற்ற மூன்றோடு மாஸ்க் கழற்றிய தடவையையும் கூட்டி நூற்றுக்கு மதிப்பெண் போடும் கைபேசிச் செயலி ஒன்றும் உண்டு. ஏழு மணித்தியாலம் மாட்டியிருந்தால் எழுபது. கசிவில்லாவிட்டால் இருபது. அடிக்கடி கழற்றாவிட்டால் ஐந்து. மூச்சு நிற்காவிட்டால் மிச்சம் ஐந்து. வந்த வருத்தத்துக்கு ஐந்து, பாடசாலைக்கு ஒழுங்காக வந்ததற்கு எழுபது! பெறுபேறு வரவிருந்த அந்த இரவுக்கு எனக்கு நூற்றுக்கு நூறு. காலையில் பல் தூரிகையில் முகச்சவர நுரையைப் பூசினேன்.

5. கசிவியல்

மாஸ்க்குக்கும் கன்னத்துக்கும் இடையால் காற்று ஒழுகுவது கசிவு. நிமிடத்துக்கு இருபத்துநான்கு லீற்றர் வரை பொறுக்கலாம் என்கிறது மெசின். லீற்றரில் அளக்கத்தக்கதாயின் அது திரவம், திரவமாயின் வாவியோடு உறவுடையது, எனவே இவ்வியல்.

கச்சான் காற்று வீசிய ஒரு மாதத்தில் மனைவி சொன்னாள்: “இஞ்சேருங்க, உங்கட மாஸ்க்குக்குள்ள மீன் பாடுது.” இது விளையாட்டாகச் சொல்லப்பட்டிருக்கலாம். ஆய்வாளனுக்கு விளையாட்டு இல்லை.

1848 செப்ரெம்பரில் பிரித்தானிய அதிகாரி எமர்சன் ரெனன்ற் நிலவிரவில் தோணியில் போய், மீன் பாடுவதாகச் சொல்லப்படும் இவ்வாவியின் பாட்டைக் கேட்டார். ஈர விரலால் கண்ணாடிக் கோப்பையின் விளிம்பைத் தடவினால் எழும் ஒலி போலத் தண்ணீரின் அடியிலிருந்து வந்தது என்றும், தோணிப் பலகையில் காதை வைத்தபோது ஒலி பெருகியது என்றும் எழுதிவைத்தார். மீனவர் அதை ஊரியின் ஓசை என்றார்கள். அவரும் சிப்பி, ஊரி இனத்தையே சந்தேகித்தார். யாழ்நூல் தந்த விபுலாநந்த அடிகளோ, தாம் விஞ்ஞானப் பட்டதாரியாக இருந்தும், நீரரமகளிரின் இசையென்று கேட்டார். இன்றுவரை மீன்வாதிகளும் ஊரிவாதிகளும் ஒத்துப்போகவில்லை. இரு பக்கத்திலும் கட்டுரை எழுதியவர் பலர். நிலவுக்குத் தோணி ஏறியவர் சிலர். துடுப்பின் நுனியைத் தண்ணீரில் விட்டு மறு நுனியைக் காதில் வைத்த மீனவருக்கோ கட்டுரை எழுத நேரமில்லை.

இம்முறையியலை நான் கட்டிலுக்குக் கொண்டுவந்தேன். கட்டில் மரத்தில் மகள் காதை வைத்தாள். நான் மாஸ்க்குடன் படுத்தேன். ஈர விரல், கண்ணாடிக் கோப்பை, சந்தேகமில்லை. மரத்தில் காதை அழுத்தியதும் ஒலி பெருகியது. “ஐயோ, ரெனன்ற் துரை சரியாத்தான் சொல்லியிருக்கார்” (மகள், தரையிலிருந்து). மூன்று கொள்கைகள் உடனே எழுந்தன. ரப்பர்வாதம்: மாஸ்க்கின் விளிம்பு தேய்ந்துவிட்டது. வார்வாதம்: பின்பட்டி தளர்ந்துவிட்டது. மீசைவாதம்: உங்கட மீசைதான்.

மீசைவாதத்தை முதலில் முன்மொழிந்தவர் மனைவி, வழிமொழிந்தவர் மாமி. நான் எதிர்த்தேன். மீசை வாவிக் கரைக் கண்ணா மரம் போன்றது, கசிவைத் தடுப்பதன்றி உண்டாக்காது என்று நிறுவினேன். ரப்பரை மாற்றினேன். பட்டியை இறுக்கினேன்; கன்னத்தில் இரண்டு கோடு விழுந்தது. இடப்பக்க மேலுதட்டிலிருந்து மீன் தொடர்ந்து பாடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மீசை எடுக்கப்பட்டது. அன்றிரவு கசிவு பூச்சியம், மதிப்பெண் தொண்ணூற்றொன்பது, காலைத் தெம்பு முன்போலவே. மாமி மட்டும் திடுக்கிட்டார்: “ஆரு புள்ள உள்ளுக்க?” (மாமி, திண்ணைப் பேருரை, முதற்பாகம், வேலிக்கு அப்பால் நின்ற பெரியம்மாவின் மூலப்பிரதி, மகள் வட்ஸ்அப்பில் வெளியிட்ட செம்பதிப்பு, இரண்டாம் குரல்பதிவு, சிரிப்பு நீங்கலாக, ‘உள்ளுக்க’ என்பதற்கு ‘மருமகன்ட சாரத்தோட’ என்பது ஒரு பிரதியின் பாடபேதம், அப்பிரதியே பழமையானது என்பர் அயலார்.)

6. எட்டுக் கேள்வி

தெம்பை அளக்க 1991 இல் மெல்பேர்ணில் மறே ஜோன்ஸ் என்ற வைத்தியர் எப்வேர்த் அளவுகோலைத் தந்தார். எட்டுச் சந்தர்ப்பம், ஒவ்வொன்றிலும் கண் சொருகும் வாய்ப்புக்குப் பூச்சியம் முதல் மூன்று வரை, மொத்தம் இருபத்துநான்கு. பத்துக்கு மேல் போனால் பகல் தூக்கம் மிகை.

வாசிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது என்பவை எல்லாம் சரி. மது இல்லாமல் மதியச் சாப்பாட்டுக்குப் பின் சும்மா இருக்கும்போது என்று ஒரு கேள்வி உண்டு. மதுவை விலக்கத் தெரிந்தவருக்கு எருமைத் தயிரை விலக்கத் தெரியவில்லை. சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிரைச் சோற்றில் போட்டுப் பிசைந்து தின்ற பிறகு முழித்திருப்பவருக்கே வைத்தியம் பார்க்கவேண்டும். தெருநெரிசலில் சில நிமிடம் நிற்கும் காருக்குள் என்பது இன்னொன்று. அதைக் குருமண்வெளித் துறையில் ‘பாதை’ என்னும் மிதவைப் படகுக்குக் காத்து நிற்கும்போது என்று திருத்திக்கொண்டேன். எனக்கு மூன்று. பக்கத்தில் நின்ற ஆட்டுக்கும் மூன்று.

ஒன்பதாவதாக ஒரு கேள்வி சேர்க்கப் பரிந்துரைக்கிறேன்: ஆய்வரங்கில், மதிய அமர்வில், தன் கட்டுரையை எழுத்தெழுத்தாக ஒருவர் வாசிக்கும்போது. இதில் மூன்று பெறுபவர் பூரண சுகதேகி. பூச்சியம் பெறுபவர் அடுத்து வாசிக்க இருப்பவர்.

7. கண்டடைந்தது

நான்கு வருடத்துக் காலைகளை ஒரு கொப்பியில் இரண்டு நிரலாக எழுதி வந்தேன்: இடப்பக்கம் சுட்டெண், வலப்பக்கம் தெம்பு. இரண்டுக்கும் உறவு மெத்தக் குறைவு. 0.9 வந்த காலையில் தலை பாறாங்கல். 6 வந்த காலையில் சந்தை வரை சைக்கிள். சுட்டெண்ணும் பகல் தூக்கமும் இறுகக் கட்டுண்டவை அல்ல என்று உலகத்து ஆய்வாளர்களும் சொல்கிறார்கள். மூச்சு நிற்காதது வேறு, இளைப்பாறியது வேறு. ஆய்வு இத்தோடு முடிந்திருக்கும், கொப்பியை மனைவி பார்த்திராவிட்டால்.

“இதில ஒரு பக்கம் விட்டுப்போச்சு” என்றாள்.

2022 இல் கரண்ட் பதின்மூன்று மணித்தியாலம் வரை போன நாட்களை அவள் காட்டினாள். இரவும் கரண்ட் இல்லாது போன இடங்களில் கொப்பியில் ‘தரவு இல்லை’ என்று எழுதியிருந்தேன். தரவு அவளிடம் இருந்தது. “அண்டு ராவு எத்தினையோ தரம் நிண்டுது. ஒருக்கா பதினெட்டு எண்ணினன். மறுகாத்தான் வந்திச்சு.”

தொண்ணூறுகளின் யுத்தத்தில் இந்தக் கரையில் படுத்தவர்களுக்கு ஒரு காது எப்போதும் முழிப்பு. நாய் எந்தத் தெருவில் குரைக்கிறது, எத்தனை நாய், வருவது வாகனமா சப்பாத்தா என்று மனைவி படுத்தபடியே சொல்லிவிடுவாள். நாய்கள் அடங்கிய பிறகும் அந்தக் காது அடங்கவில்லை. என் மூச்சுக்கு மாறியது. நின்றதும் எண்ணத் தொடங்குவாள். பத்தைத் தாண்டினால் விலாவில் முழங்கை. சிட்னியில் மோட்டரை மாறிப் பூட்டியது பற்றி அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இருபது வருடம், முழு இரவு, மெமரி காட் இல்லாமல்.

கொப்பியில் மூன்றாவது நிரல் ஒன்று வரைந்து, அவளைக் கேட்டுக் கேட்டு நிரப்பினேன். இலக்கம் குறைந்த காலைகளில் வீட்டில் ஒருவர் தெம்பாகத்தான் எழும்பியிருக்கிறார். அது நான் அல்ல.

மேலதிக ஆய்வு தேவை என்று முடிப்பது மரபு. நேற்றிரவு அதைத் தொடங்கினேன். இரண்டு மணிபோல முழிப்பு வந்தது. மாஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கட்டில் மரத்தில் காதை வைத்தேன். தெற்கெல்லையிலிருந்து மெல்லிய குறட்டை. பிறகு அது நின்றது. எண்ணினேன். ஏழில் மூச்சு வந்தது.

“என்ன எண்ணுறீங்க?” என்றாள், கண் திறக்காமல். “மாஸ்க்கப் போட்டுட்டுப் படுங்க.”