எல்லாம் நார்மல்

பஸ் ஸ்டாண்ட் சுவரைப் படித்திருப்பீர்கள். நரம்புத் தளர்ச்சியா, ஆண்மைக் குறைவா, இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் வைத்தியர் வருகிறார். ஆண்களின் சோர்வு இங்கே சுவரொட்டி ஒட்டுகிற அளவுக்குப் பொதுப் பிரச்சினை. அமெரிக்கா மட்டும் சளைத்ததா? 1998-லேயே வயாகராவுக்கு அனுமதி கொடுத்தது. வல்வோடைனியாவுக்கென்று அங்கே அனுமதி பெற்ற மருந்து இன்றுவரை ஒன்றுகூட இல்லை.

பெயரே கேள்விப்பட்டதில்லையா? உங்கள் டாக்டரும் கேள்விப்படாமல் இருக்கலாம். பெண்ணுறுப்பின் வெளிப்பகுதியில் மூன்று மாதமாவது நீடிக்கிற, காரணம் பிடிபடாத வலி அது. எரியும். குத்தும். உட்கார்ந்தாலே உயிர் போகும். ஆனால் பார்த்தால் புண் இல்லை. ஸ்கேன் நார்மல். ஸ்கேன் நார்மல் என்றால் பெண் அப்நார்மல். அவ்வளவுதான் கணக்கு.

அப்புறம் தீர்ப்புகள். "டென்ஷன்மா." "புதுசுல அப்படித்தான் இருக்கும்." சோதனை எதுவும் எடுக்காமலே பூஞ்சைத் தொற்று என்று ஒரு கிரீம், கேட்காவிட்டால் இன்னொரு கிரீம். எல்லாம் தீர்ந்தபின் பிரம்மாஸ்திரம்: "ஒரு குழந்தை பெத்துக்கோ, சரியாயிடும்." வலிக்கிற இடத்துக்கு மருந்து, அதன் வழியாகவே ஒரு பிள்ளை! எந்தப் பாடப்புத்தகம், எத்தனையாவது பக்கம்?

கண்டுபிடிக்க என்ன வேண்டும்? தொற்றும் தோல் நோயும் இல்லையென்று உறுதி செய்துகொண்டு, காது குடைகிற பஞ்சுக்குச்சி ஒன்றால் இடம் இடமாக மெல்லத் தொட்டு, "இங்கே வலிக்கிறதா?" என்று கேட்க வேண்டும். கேட்பதுதான் கஷ்டம். கோடி ரூபாய் மெஷின் இருக்கிற இடத்தில் ஐந்து நிமிடம் இருப்பதில்லை. வைத்தியமும் இருக்கிறது: இடுப்புத்தளத் தசைக்குப் பிசியோதெரபி, மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைன், நரம்புவலிக்குக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின், மன ஆலோசனை, சிலருக்கு அறுவை.

2003-ல் வெளியான பாஸ்டன் ஆய்வில், இப்படிப்பட்ட வலியை அனுபவித்தவர்கள் சுமார் 16 சதவீதம். சிகிச்சை தேடிப் போனவர்களில் 60 சதவீதம் பேர் மூன்று டாக்டர்களையாவது பார்த்திருந்தார்கள். பாஸ்டனிலேயே இந்த லட்சணம். இங்கே துணைக்கு மாமியார் வேறு.

நீதி மட்டும் விழித்திருக்கிறது. உடல் இயலாமையோ தக்க காரணமோ இல்லாமல் நெடுநாள் தாம்பத்தியத்தை மறுப்பது மனக் கொடுமையாகலாம் என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சரி, காரணம் இருக்கிறது என்று அவள் நிரூபிக்கட்டும். ஃபைலைப் பிரித்துக் காட்டட்டும். ஒவ்வொரு பக்கத்திலும் 'நார்மல்' என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வைத்திருக்கிறார்கள்.