கல்வட்டத்துக்குள் ஓர் ஊர்

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கிறேன். இரண்டு நாள் லீவு, வாடகைக் கார், திட்டம் எதுவும் இல்லை. பழைய கிராமம் பார்க்க எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பலாம்?

பதில்: வில்ட்ஷயர் பக்கம். ஸ்டோன்ஹெஞ்சுக்கு எல்லோரும் போவார்கள். நீங்கள் அதற்கு வடக்கே ஏவ்பரிக்குப் போங்கள். உலகிலேயே பெரிய கல்வட்டம் அது. கிராமத்தின் ஒரு பகுதி, மதுக்கடை உட்பட, வட்டத்துக்குள்ளேயே இருக்கிறது! கற்களைத் தொட்டுப் பார்க்கலாம். காவலுக்குச் செம்மறியாடுகள் மட்டும்தான். முன்னோர் புதைத்துவிட்ட பல கற்களை 1930களில் தோண்டி நிமிர்த்தியவர் அலெக்சாண்டர் கெய்லர். குடும்பச் சொத்து மார்மலேட் வியாபாரத்தில் வந்தது. ரொட்டியில் தடவியதெல்லாம் வரலாற்றுக்கு வந்து சேர்ந்தது, எத்தனை நல்ல காரியம்! பக்கத்திலேயே மனிதர்கள் குவித்த சில்பரி குன்று, வயது சுமார் 4,400. ஏற அனுமதியில்லை. எதிரே வெஸ்ட் கென்னட் கல்லறை இன்னும் பழசு. அதற்குள் தாராளமாக நுழையலாம். டார்ச் எடுத்துப் போங்கள்.