சிக்கன மேசை

அமெரிக்கர்களுக்குச் சிக்கனம் தெரியாது என்று யார் சொன்னது? கடையில் விற்கும் பட்டறை மேசையை வாங்காமல் கராஜில் தானே செய்துகொள்கிறாரே, அவரைப் பாருங்கள். நாலைந்து பைன் கட்டை, 4க்கு 8 அடியில் ஒரு பிளைவுட். செலவு சொற்பம். அறுக்க ரம்பம் வேண்டும்; மின்சார ரம்பம் என்றால் கௌரவம். பிறகு டிரில், கண்ணுக்குக் கண்ணாடி, கிளாம்ப். கிளாம்ப் எத்தனை வாங்கினாலும் ஒன்று குறையும், அது தொழில் தர்மம். 2க்கு 4 அங்குலம் என்று வாங்கிய கட்டை, டேப் வைத்தால் 1½க்கு 3½தான். காய்ந்ததிலும் இழைத்ததிலும் மீதி போய்விட்டதாம். மரம்கூட டயட்டில் இருக்கும் நாடு, பாராட்ட வேண்டாமா?

மேசை மணிக்கட்டு உயரம் இருக்க வேண்டும் என்பார்கள். இருக்கிறது. துளி ஆட்டமில்லை. கார் மட்டும் வெளியே பனியில் நிற்கிறது. போகட்டும், வெறும் 40,000 டாலர்தானே. கிறிஸ்துமஸ் அலங்காரப் பெட்டிகளும் பழைய பெயின்ட் டப்பாக்களும் மேசைமேல் சௌகரியமாக உட்கார்ந்திருக்கின்றன. ஓர் ஆணி அடிக்கவும் இடமில்லாததால், வரும் சனிக்கிழமை இன்னொரு மேசை செய்யப்போகிறார். ரம்பம்தான் ஏற்கெனவே இருக்கிறதே, இது கிட்டத்தட்ட இலவசம்.