முட்டு வாங்கியவர்

தனுஷ்கோடி மணலில் நாங்கள் பந்தாடிய காலத்தில் எல்லைக்கோடு கிழிக்கிற வேலையே இருந்ததில்லை. ஒரு பக்கம் ஆண் கடல், மறு பக்கம் பெண் கடல். பெண் கடல் பக்கம் போன பந்தை இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துபோய் எடுத்துவந்துவிடலாம். ஆண் கடல் பக்கம் போனால் "தலைமன்னார் டீம்ல சேந்துருச்சுடா" என்று கைகழுவ வேண்டியதுதான். கோல் கம்பத்துக்குத் துடுப்பு. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் டாஸ் ஜெயித்தவன் காற்றுப் பக்கத்தைத்தான் கேட்பான். வலைக்கு மட்டும் பஞ்சமே இல்லை, கிழிந்த கரைவலை எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். பிற்காலத்தில் எத்தனையோ ஊர் மைதானங்களில் வெறும் கம்பம் மட்டும் நிற்பதைப் பார்த்தபோதுதான் நாங்கள் எவ்வளவு வசதியாக வாழ்ந்தோம் என்று தெரிந்தது.

இல்லாதது மின்சாரம். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு, ஆள் குடியிருக்க லாயக்கில்லாத ஊர் என்று அரசாங்கம் கணக்கை முடித்துவிட்டதால், குடியிருந்த எங்களுக்குக் கம்பம் நடவேண்டிய அவசியம் அதற்கு இருக்கவில்லை. ஆகவே 2006 ஜூலை 9 அன்று உலகக் கோப்பை இறுதியாட்டம் பார்க்க, மணலில் புதைந்து புதைந்து போகிற கடைசி வேனைப் பிடித்து முகுந்தராயர் சத்திரம் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் ராமேஸ்வரம் போனோம். அத்தை வீட்டு டிவி. ஆட்டம் தொடங்கியபோது இரவு பதினொன்றரை.

நாங்கள் எல்லோரும் பிரான்ஸ் கேப்டன் ஜிதேன் கட்சி. ஏழாவது நிமிடத்தில் இத்தாலியின் ஸ்டாப்பர் ஒருவர் பெனால்டி கொடுத்தார். ஜிதேன் அதைப் பூப்போல எற்றி உள்ளே போட்டார். பத்தொன்பதாவது நிமிடத்தில் அதே ஸ்டாப்பர் கார்னரில் எகிறித் தலையால் அடித்துச் சமன் செய்தார். கடைசியில், 110-ஆவது நிமிடத்தில், அவர் ஏதோ சொல்ல, நடந்துபோய்க்கொண்டிருந்த ஜிதேன் திரும்பிவந்து நெஞ்சில் ஒரே முட்டு. ஆறடி தாண்டிய ஆள் மல்லாந்து விழுந்தார். ஜிதேனுக்கு ரெட் கார்டு. பெனால்டி ஷூட்டவுட்டில் அந்த ஆளும் தன் பங்குக்கு ஒன்றை உள்ளே போட, இத்தாலி 5-3 என்று கோப்பையைத் தூக்கியது. மார்கோ மாட்டராஸி என்ற பெயரை அன்றிரவு நாங்கள் சொன்ன விதத்தில் இங்கே எழுத முடியாது.

ஜிதேனின் அக்காவைப் பற்றித்தான் ஏதோ சொன்னார் என்பது பின்னால் வெளிவந்தது. அவரே ஒப்புக்கொண்டார். எங்கள் கரையில் தீர்ப்பு உடனே வந்துவிட்டது. "அக்காவைச் சொன்னா முட்டாம? நம்ம பயன்னா துடுப்பாலல்ல அடிச்சிருப்பான்" என்றார் வலைக்குப் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்த பெரியப்பா. அவர் அதுவரை ஒரு ஆட்டமும் முழுதாகப் பார்த்தவரில்லை. மாட்டராஸியோ அதே ஆண்டில், ஜிதேனிடம் நான் உண்மையில் என்ன சொன்னேன் என்று கற்பனையாக ஜோக் ஜோக்காக அடுக்கி ஒரு புத்தகமே போட்டு விற்றார். முட்டு வாங்கியதையும் சரக்காக்கத் தெரிந்தவர்.

நியாயமாகப் பார்த்தால் அவர் சாதாரண ஆட்டக்காரர் இல்லை. அப்பா ஜுசெப்பே பயிற்சியாளர். மகன் சின்னக் கிளப்புகளில் அலைந்து, எவர்ட்டனில் ஒரு பருவம் இருந்து, பெருஜியாவுக்குத் திரும்பி, 2000-01-இல் தடுப்பாட்டக்காரராக இருந்துகொண்டே இத்தாலிய லீக்கில் 12 கோல் போட்டார். பிறகு இன்டர் மிலானில் பத்து ஆண்டு. 2010-இல் இன்டர் அந்தப் பருவத்தின் மூன்றாவது கோப்பையையும் வென்ற இரவில், கிளப்பை விட்டுப் போகும் கோச் மொரின்யோவைக் கட்டிக்கொண்டு கார் நிறுத்துமிடத்தில் அழுதவரும் அவரேதான். ஆனால் ஜிதேன் கட்சிக்காரனிடம் இதையெல்லாம் யார் எடுத்துச் சொல்வது?

காலம் என்னைச் சேது எக்ஸ்பிரஸில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பியது. 2014-இல் ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து தொடங்கியது. அபிஷேக் பச்சனும் தோனியும் பங்குபோட்ட சென்னையின் எஃப்.சி.க்குக் கோச், கூடவே ஆட்டக்காரர், யாரென்று பார்த்தால் அதே ஆள், 41 வயதில். டிக்கெட் எடுத்து வைய வேண்டும் என்றுதான் பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்குப் போனேன். கோட்டோரத்தில் பச்சை குத்திய கையை வீசி வீசி அவர் கத்த, அரைமணி நேரத்தில் நானும் அவர் பக்கம் நின்று நடுவரை வைதுகொண்டிருந்தேன். அந்த ஆண்டு சென்னை அணியின் எலானோ எட்டு கோல் போட்டார். பட்டியலில் முதலிடம் பிடித்து, அரையிறுதியில் கேரளாவிடம் தோற்றோம். தோற்றோம் என்று எழுதுகிறேன் பாருங்கள், அதுதான் அவர் செய்த வேலை.

2015 இன்னும் கூத்து. பாதிப் பருவம் தாண்டிய பிறகு பட்டியலின் அடியில் கிடந்த அணி, எங்கிருந்தோ உருண்டெழுந்து அரையிறுதிக்கு வந்தது. வந்த நேரம் டிசம்பர் வெள்ளத்தில் சென்னை முழுகியது. சொந்த ஊர் ஆட்டத்தைப் புனேக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கூட வேலை பார்த்தவர்கள் இதற்கு ஒப்பாரி வைத்தபோது எனக்குச் சிரிப்பாக இருந்தது. டிசம்பர் தண்ணீரில் ஊரையே இழந்தவர்களின் பேரன் நான், மைதானம் மாறினதற்கா அழுவேன்? புனேயில் கொல்கத்தாவை 3-0 என்று அடித்தோம். டிசம்பர் 20, கோவாவில் இறுதி. 87-ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னே. பெனால்டியெல்லாம் தடுத்து அன்றைய நாயகனாக நின்ற கோவா கோல்கீப்பர் கட்டிமணி, தொண்ணூறாவது நிமிடத்தில் பந்தைத் தன் வலைக்குள்ளேயே தட்டிவிட்டார். இரண்டே நிமிடத்தில் சென்னையின் மென்டோசா மூன்றாவதைப் போட்டார். கோப்பை சென்னைக்கு.

இன்னொரு வேடிக்கை. அன்றைய தேதியில் ஜிதேன் ரியல் மாட்ரிட்டின் இரண்டாம் அணிக்குப் பயிற்சியாளர். அதாவது தலைமைப் பயிற்சியாளராக வாங்கிய கோப்பை: மாட்டராஸி ஒன்று, ஜிதேன் சைபர். இந்தக் கணக்கு அதிக நாள் நிற்கவில்லை. 2016 ஜனவரி 4-இல் ஜிதேனைப் பெரிய அணிக்கு ஏற்றினார்கள். அவர் தொடர்ந்து மூன்று சாம்பியன்ஸ் லீக் வாங்கினார். இவர் 2016-இல் எட்டு அணியில் ஏழாவதாக வந்து, 2017 மார்ச்சில் சென்னையை விட்டுப் போனார். அதற்குப் பிறகு எந்தப் பெரிய கிளப்புக்கும் அவர் கோச்சாகப் போகவில்லை. அடுத்து வந்த ஜான் கிரகரி 2018-இல் இன்னொரு கோப்பை வாங்கித் தந்தார். ஆனால் யாரும் அவரை வைய ஆசைப்பட்டு டிக்கெட் எடுத்ததாகத் தெரியவில்லை.

மாட்டராஸி போன அதே 2017-இல் எங்கள் ஊருக்கு அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. மணல் வேன்கள் பிழைப்பு இழந்தன. லாயக்கில்லாத ஊரில் இப்போது விடுமுறை நாளென்றால் வண்டி நிறுத்த இடமில்லை. நாங்கள் துடுப்பு ஊன்றிய திசையில் பொரித்த மீனும் சங்கு மாலையும் செல்ஃபியும். ஐ.எஸ்.எல். லீக்கோ 2025 ஜூலையில் ஒப்பந்தச் சிக்கலில் நிறுத்தி வைக்கப்பட்டு, நடக்குமா நடக்காதா என்று ஆகிப்போனது. ஊர் நிமிர்ந்த நேரத்தில் லீக் படுத்துக்கொண்டது.

போன முறை போயிருந்தபோது அக்கா மகன் மெஸ்ஸி சட்டை போட்டுக்கொண்டு போனைத் தட்டிக்கொண்டிருந்தான். மாட்டராஸி தெரியுமா என்று கேட்டேன்.

"யூடியூப்ல நெஞ்சில முட்டு வாங்கிட்டு விழுவாரே, அவருதான மாமா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "டேய் மருமகனே, அவரு சென்னைக்குக் கப்பு வாங்கிக் குடுத்த கோச்சுடா. அக்காவைச் சொன்னது தப்புதான், அதுக்காக ஒரு மனுசனை முட்டுறதா?" என்று கால்மணி நேரம் வாதாடினேன். இறுதியாட்டத்தை நிமிடம் நிமிடமாகச் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"அப்ப அந்தக் கப்பைக் குடுத்தது கோவா கோலிதான மாமா?" என்று சொல்லிவிட்டுப் பொரித்த மீன் வாங்கக் காசு கேட்டான்.