கம்ப்ரசருக்கு ஒன்றும் ஆகவில்லை

கவரைப்பேட்டையில் எந்தப் பொருள் செத்தாலும் கொன்ற பழி வோல்டேஜ் மேல்தான். மிக்ஸி புகைந்தால் வோல்டேஜ், போர் மோட்டார் காயில் கருகினால் வோல்டேஜ். சுவர்க் கடிகாரம் நின்றால்கூட ஒரு தடவை ஈபியைத் திட்டிவிட்டுத்தான் பேட்டரி மாற்றுவோம். வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகள் இருக்கின்றன. அங்கே ஃபர்னஸ் போட்டால் இங்கே நம் வீட்டு ட்யூப்லைட் கண்ணடிக்கும் என்பது ஊர்ப் பொதுக்கருத்து. உண்மையா என்று மின்வாரியத்தில் யாரும் போய் விசாரித்ததில்லை. விசாரித்துப் பொய் என்று தெரிந்துவிட்டால், பிறகு யாரைத் திட்டுவது?

அதனால் எங்கள் வீட்டு டபுள்-டோர் இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜ், ஒரு வருஷ வாரண்டி முடிந்த நாலாம் மாதம், ஃப்ரீசரில் மாமியார் கொடுத்தனுப்பிய வஞ்சிரத்தோடு சேர்ந்து உயிரை விட்டபோது, குற்றவாளி யார் என்று வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சர்வீஸ்காரப் பையனுக்கும் வரவில்லை. செருப்பைக் கழற்றும்போதே "வோல்டேஜ் பிரச்சினை சார்" என்றான். ஃபிரிட்ஜ் எந்த அறையில் இருக்கிறது என்று அதற்கப்புறம்தான் கேட்டான்.

பின்பக்க மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தான். முதலில் தேடியது பல்லியை. போர்டில் பல்லி விழுந்து ஷார்ட் ஆகியிருந்தால் கேஸ் அப்போதே முடிந்திருக்கும், பல்லிக்கு எந்தக் கம்பெனியும் பொறுப்பில்லை. பல்லி கிடைக்காததில் அவனுக்கு முகம் கொஞ்சம் வாடியது. எறும்பும் இல்லை. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய பச்சை போர்டு, அதன் மூலையில் மிளகளவு ஏதோ ஒன்று வெடித்து, சுற்றிலும் பீடி சுட்ட மாதிரி பழுப்பு வட்டம். அவ்வளவுதான்.

"நல்லவேளை சார், கம்ப்ரசருக்கு ஒண்ணும் ஆகல."

"அதுக்குப் பத்து வருஷ வாரண்டி இருக்கே?"

"அதான் சொல்றேன், அது நல்லா இருக்கு. போயிருந்தா ஃப்ரீயா மாத்தியிருப்போம். போனது போர்டு. போர்டுக்கு ஒரு வருஷம்தான்."

கம்ப்ரசர் போயிருக்கக் கூடாதா என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஏங்கினேன். யோசித்துப் பார்த்தால் ஏற்பாடு அபாரமானது. எளிதில் சாகாத உறுப்புக்குப் பத்து வருஷ உத்தரவாதம். அதை ஓட்டுகிற போர்டுக்கு ஒரு வருஷம். மீதி ஒன்பது வருஷம் கம்ப்ரசர் சமையலறை மூலையில் ஆரோக்கியமாகச் சும்மா உட்கார்ந்திருக்கலாம். போர்டு, வருகைக் கட்டணம், அதற்கு மேல் ஜிஎஸ்டி என்று பையன் சொன்ன தொகைக்குச் சின்ன சிங்கிள்-டோர் ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடலாம்.

வாங்கிய அன்று ஷோரூம் சேல்ஸ்மேன் "கண்ணை மூடிக்கிட்டு எடுங்க சார், பதினஞ்சு வருஷம் அசையாது" என்று ஃபிரிட்ஜைத் தட்டிக் காட்டியவர். பில் கவுன்டருக்குப் பத்தடி நடப்பதற்குள் அவருடைய நம்பிக்கை தளர்ந்துவிட்டது. "ஒரு வருஷத்துக்கு மேல இதெல்லாம் சொல்ல முடியாது சார், எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டுக்குங்க" என்றார். அந்தப் பத்தடியில் அவருக்கு என்ன ஞானம் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

விஷயம் பக்கத்து வீட்டுக் கார்டு மாமா காதுக்குப் போனது. மாமா ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வெளியே வந்த பிறகு, 2022-இல், அந்த வேலைக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அந்த மனக்குறையை ஊர்க்காரர்களின் கேஸ்களை எடுத்து நடத்தி ஆற்றிக்கொள்கிறார். அவர் வந்து கேட்ட முதல் கேள்வி ஃபிரிட்ஜைப் பற்றியதல்ல.

"ஜாப் ஷீட்ல என்னா எழுதியிருக்கான்?"

காட்டினேன். வாயால் இருபது தடவை வோல்டேஜ் என்ற பையன், காகிதத்தில் 'பிசிபி ஃபால்ட்டி' என்று இரண்டே வார்த்தை எழுதியிருந்தான். மாமா அதைப் பேரன் ஜாதகம் போலக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "வோல்டேஜுன்னு எழுதலையே தம்பி! பொருள்ல கோளாறுன்னு கம்பெனியே கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்கான்!"

அடுத்து ஃபிரிட்ஜைச் சுற்றி வந்தார். அட்டைப்பெட்டியோடு வந்த ஸ்டிக்கர் இன்னும் கதவில் இருந்தது. பிய்த்தால் பெயின்ட் போகும் என்று என் மனைவி விட்டுவைத்தது. 'ஸ்டெபிலைசர் தேவையில்லை, 100 முதல் 300 வோல்ட் வரை' என்று கட்டைவிரல் பெரிய எழுத்தில் இருந்தது. வாரண்டி அட்டையின் பின்பக்கம், எறும்பு வரிசை எழுத்தில், மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் வரும் சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்றிருந்தது. நம் நாட்டில் வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட். அது 100-க்கு இறங்கினாலும் 300-க்கு ஏறினாலும் தாங்கும் என்று முன்பக்கம் மார்தட்டியவர்கள், பின்பக்கம் போய்ப் படுத்துக்கொண்டார்கள்.

மாமா சொன்ன சட்டம் எனக்குப் புதிது. வாரண்டி என்பது கம்பெனி தானாகக் கொடுக்கும் வாக்கு. அது முடிந்தால் அந்த வாக்குத்தான் முடிகிறது, நம் உரிமை முடிவதில்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், விற்பவர் எந்த வகையிலாவது சொல்லிக்கொண்ட தரத்துக்குப் பொருள் குறைந்து நின்றாலும் அது குறைபாடுதான். ஸ்டிக்கரும் அந்த 'எந்த வகையிலாவது' கணக்கில் வரும். ஆனால் கோளாறு தயாரிப்பிலேயே இருந்தது என்று காட்டும் பாரம் பெரும்பாலும் நம் தலையில்தான். வாரண்டி முடிந்த பிறகு வழக்குப் போடுபவர்கள் வழுக்கி விழும் இடமும் அதுவே. கோளாறு தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். 5 லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. கம்பெனியின் தலைமையகம் எங்கிருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

"நம்ம மாவட்டம் திருவள்ளூர்" என்றேன். அதுதான் சிக்கலும். கவரைப்பேட்டையிலிருந்து திருவள்ளூருக்கு ரயிலில் போக வேண்டுமானால் சென்னைக்குப் போய், அங்கிருந்து அரக்கோணம் வண்டி பிடிக்க வேண்டும். பஸ் என்றால் பெரியபாளையத்தம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகலாம். ஆந்திரா இதைவிடப் பக்கம். வீடியோவிலேயே விசாரணைக்கு மனுப் போடவும் சட்டத்தில் இடமுண்டு என்று மாமா ஆறுதல் சொன்னார். எங்கள் தெருவில் டவர் கிடைக்கும் இடம் அவர் வீட்டு மாடிப்படி ஒன்றுதான் என்பதால், அதில் அவருக்கும் ஒரு பங்கு கிடைத்துவிடும்.

எனக்குப் பிடித்த பிரிவு வேறு. பரிசோதிக்காமல் குறையைக் கண்டுபிடிக்க முடியாது என்றால், ஆணையம் பொருளின் மாதிரியை வாங்கி, முத்திரையிட்டு, ஆய்வகத்துக்கு அனுப்பும். 45 நாளில் அறிக்கை வர வேண்டும். நெய்க்கும் மிளகாய்த்தூளுக்கும் பொருத்தமான ஏற்பாடு. டபுள்-டோர் ஃபிரிட்ஜுக்கு மாதிரி எதை எடுப்பது? அரக்கு முத்திரை வைத்த ஃபிரிட்ஜ் டாடா ஏஸில் நின்றபடி பெரியபாளையம் சாலையில் போவதையும், பின்னால் கார்டு மாமா பச்சைக்கொடி காட்டுவதையும் நினைத்துப் பார்த்து, வஞ்சிரம் போன துக்கத்திலும் சிரித்தேன்.

வெளியூர்க் கதையும் மாமா வைத்திருந்தார். இங்கிலாந்தில் 2015-இல் வந்த சட்டப்படி பொருள் நியாயமான காலம் உழைக்க வேண்டும், உழைக்காவிட்டால் வாரண்டி அட்டை என்ன சொன்னாலும் 6 வருஷம் வரை வழக்குக்குப் போகலாம். நம் அரசும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் திறந்தது. நாலு பேர் சேர்ந்து கத்தினால் சட்டம்கூடத் தேவைப்படுவதில்லை. செல்போன் திரைகளில் பச்சைக்கோடு விழுந்து ஊரே புலம்பியபோது, ஒன்பிளஸும் சாம்சங்கும் இந்தியாவில் வாரண்டி முடிந்த சில மாடல்களுக்கும் இலவசமாகத் திரை மாற்றித் தர முன்வந்தன. ஃபிரிட்ஜ் செத்தால் மட்டும் யாரும் ஒன்றுசேர்வதில்லை. அவரவர் மாவை அவரவர் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு அமைதியாகிவிடுகிறோம்.

முதலில் 1915-க்கு அடித்தோம். அது கோர்ட் இல்லை, புகாரைப் பதிந்து கம்பெனிக்குத் தள்ளிவிடும் தேசிய உதவி எண். தமிழிலேயே பேசலாம். கம்பெனியிலிருந்து 'தங்கள் பொருள் வாரண்டி காலத்தைக் கடந்துவிட்டது' என்று பதில் வந்தது. இது எனக்குத் தெரிந்த விஷயம் என்பதைத் தவிர அதில் குற்றமில்லை. பிறகு மாமா ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்பினார். ஸ்டிக்கரின் போட்டோ, அட்டையின் பின்பக்கம், ஜாப் ஷீட், மூன்றையும் இணைத்து, 15 நாளில் பதில் இல்லையேல் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் சந்திப்போம் என்று கடைசி வரி. அந்த வரியை மட்டும் பேனாவால் இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார்.

திருவள்ளூருக்கு ரயில் எப்படி என்பது கம்பெனிக்கும் தெரிந்திருக்க வேண்டும். பிராந்திய மேலாளர் என்று ஒருவர் போனில் வந்து, தவறு எங்களுடையது அல்ல, இருந்தாலும் நீண்டகால வாடிக்கையாளர் என்பதால் போர்டை இலவசமாக மாற்றுகிறோம், வருகைக் கட்டணம் மட்டும் கொடுங்கள் என்றார். அந்தக் கம்பெனியில் நான் வாங்கிய ஒரே பொருள் அந்த ஃபிரிட்ஜ். மாமா ஆணையம் வரை போயே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். என் மனைவி தோசைமாவு இருந்த தூக்கைக் காட்டினாள். சமரசம் ஆயிற்று.

அதே பையன் வந்து போர்டை மாற்றினான். புது போர்டுக்கு மூன்று மாசம் வாரண்டி என்றான். கிளம்பும்போது, "ஒரு நல்ல ஸ்டெபிலைசர் வாங்கிப் போட்டுடுங்க அக்கா, இந்த ஏரியாவுல வோல்டேஜ் சரியில்ல" என்று ஒரு கம்பெனி பெயரையும் சொன்னான்.

"ஸ்டெபிலைசருக்கு எவ்ளோ நாள் வாரண்டிப்பா?" என்றாள் என் மனைவி.

"மூணு வருஷம்க்கா."

"ஏம்ப்பா, அந்தக் கம்பெனியில ஃபிரிட்ஜ் போடறாங்களா?"